இடது காலை எடுத்து வைத்து

என் மகளின் கல்யாண வரவேற்பில் ஓடிய படத்தை எடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் தற்பெருமை என்பார்கள். முதலில் சொன்னால் தகவல் என்று விட்டுவிடுவார்கள். மூன்று நிமிடம் நாற்பது வினாடி ஓடும் படம். அதற்குள் இருப்பவை இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது புகைப்படங்கள். அத்தனையையும் எங்கள் பாசிர் ரிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அதற்கு முன் நான் எடுத்ததெல்லாம் பழுதான மோட்டார்களின் படங்கள்தான். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக். செய்தியில் அதை மின்தூக்கி என்று அழகாகச் சொல்வார்கள். கையில் கிரீஸோடு குழிக்குள் இறங்குகிறவனுக்கு அது லிஃப்ட்தான். ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிடவில்லை, எந்தக் குழாயும் சொட்டவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டு, மனைவி ரசம் வைக்கும் முறையைச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தேன். அந்த நேரத்தில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று.

கல்யாணப் புகைப்படக்காரரின் கடை லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. இளைஞர். மணப்பெண்ணின் சின்ன வயதுப் படங்களை வைத்து ஒரு வீடியோவும் செய்து தருவோம் என்று மாதிரி ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒரு குழந்தையின் படம் வலப்பக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, மங்கிப் போனது. அடுத்த படம் வந்தது. நடுவில் குட்டிக் குட்டி இதயங்கள் பறந்தன.

"இதுல ஒண்ணுமே நகரலையே தம்பி. ஃபிரேம்தானே நகருது" என்றேன்.

"அங்கிள், எல்லாரும் இப்ப இதான் கேக்கறாங்க."

"எம்பொண்ணு சும்மா நிக்கிற ஆளு இல்ல. நடக்கணும். இதை நானே பண்ணிக்கிறேன்."

நுணலும் தன் வாயால் கெடும். எதை வைத்துச் செய்வேன், எப்படிச் செய்வேன் என்று ஒன்றும் தெரியாமல்தான் சொன்னேன். சிராங்கூன் சாலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் மனைவி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, "லிஃப்டு ஓட்டின ஆளு, இப்ப படம் ஓட்டப் போறீங்களாக்கும்" என்றாள்.

மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பிறக்கும்போதே அவளுடைய வலது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. ஐந்து வயதுக்குள் மூன்று ஆபரேஷன். பாதம் நேரானது. ஆனால் அந்தக் கால் இன்னொரு காலைவிட ஒரு விரற்கடை குட்டை, கொஞ்சம் சூம்பல், பலமும் குறைவு. நடையில் ஒரு சாய்வு இருக்கும். அவளுக்கு அதில் குறை ஒன்றுமில்லை. கட்டுமானத் தளங்களில் அளவு எடுக்கும் வேலை பார்க்கிறாள். லிஃப்ட் இன்னும் பொருத்தாத கட்டடங்களில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மாடி ஏறி இறங்குகிறவள். அவளால் ஏற முடியாதது ஒன்றே ஒன்றுதான், அது 'பாவம்' என்கிற சொல். கோயிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், நம் பெண்கள் அவள் நடையைப் பார்த்ததும் நாக்கில் ஒரு 'ச்சு' கொட்டிவிட்டு அதைச் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அந்த நல்ல மனதுதான் அவளுக்கு ஆகாது.

"ஓகேப்பா, செய்யுங்க. பட் ஒரே கண்டிஷன்" என்றாள். "முந்நூறு பேர் உக்காந்திருப்பாங்க. அதுல ஒருத்தர் வாயில 'பாவம்'னு வந்துச்சுன்னா நான் மேடையிலேருந்து எந்திரிச்சுப் போயிடுவேன். சீரியஸ்லா, வெளையாட்டில்ல."

எழுந்து போகிறவள்தான். எனக்குப் பிறந்தவள் ஆயிற்றே.

அவளே தன் பழைய மடிக்கணினியில் அதற்கான மென்பொருளை இறக்கிக் கொடுத்தாள். எடுத்த படங்களை வரிசையாகப் போட்டால் அது ஒன்றன்பின் ஒன்றாக, வினாடிக்குப் பன்னிரண்டு வீதம் ஓட்டும். ஒவ்வொரு படத்துக்கும் பொருளைக் கடுகளவு நகர்த்தி வைத்தால், ஓடும்போது அது தானாக நகர்வதுபோல் தெரியும். வித்தை அவ்வளவுதான். தமிழில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது: அசையாமல் நிற்பதும் படம்தான், ஓடுவதும் படம்தான். "எத்தனை படம் எடுத்தா ஒரு படம் ஆகும், சொல்லு பாப்போம்" என்று மனைவியைக் கேட்டு ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் ஒரு கறிபஃப்பை வைத்துப் பழகினேன். ஒரு கடி, ஒரு படம். இன்னொரு கடி, இன்னொரு படம். அது தானே தேய்ந்து மறைய வேண்டும். போனை ஒரு மைலோ டின்னில் சாய்த்து வைத்திருந்தேன். ஓட்டிப் பார்த்தால் கறிபஃப்பைத் தவிர மற்ற எல்லாம் ஆடுகிறது. மேசை குதிக்கிறது, சுவர் துள்ளுகிறது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நான் மென்பொருள் சரியில்லை என்றேன்.

"சாஃப்ட்வேர் ஒழுங்காத்தான்பா இருக்கு. தொடும்போதெல்லாம் நீங்கதான் போனை ஆட்டறீங்க" என்றாள் மகள்.

அது எனக்குப் புரிகிற பாஷை. லிஃப்டிலும் இதே கதைதான். தண்டவாளம் அசையக் கூடாது, பெட்டி மட்டும்தான் நகர வேண்டும். மறுநாள் காலை ஜாலான் புசாரில் நான் வழக்கமாகப் போகும் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் என்னை இருபது வருடமாக அறிந்தவர். கிளாம்ப் ஒன்று, இரும்புக் கோணம் இரண்டு, ரப்பர் துண்டு என்று நான் அடுக்கியதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், லிஃப்ட் ரோசாக்கா?" என்றார், மலாயில் பழுதா என்று.

"ரோசாக் இல்ல. மூவி. ஐ மேக் மூவி."

அவர் என்னையும் கிளாம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "குட், குட்" என்று சொல்லிவிட்டு நான்கு திருகாணிகளைச் சும்மா போட்டுக் கொடுத்தார். அன்று மாலைக்குள் மேசைக்கு மேலே போன் அசையாமல் நின்றது. இரண்டாவது கறிபஃப் மூன்று வினாடியில் அழகாகக் கரைந்து மறைந்தது. அந்த மூன்று வினாடியை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். மனைவி ஒரு பாலர் பள்ளிச் சமையலறையில் அரை நாள் வேலை செய்கிறாள். அவள் வந்ததும் அவளுக்கும் போட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு. டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் வேணாம்னு சொன்னதையும் அந்தப் போன்ல போட்டுப் பாருங்க" என்றாள்.

எதைப் படமாக எடுப்பது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. மகள் பிறந்தபோது எங்கள் வீடு கேலாங் கிழக்கில் ஏழாவது மாடியில் இருந்தது. அந்தக் காலத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது. ஐந்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். ஊரிலுள்ள லிஃப்டை எல்லாம் பழுது பார்க்கிறவன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறுவான். ஐந்து வயதில், கடைசி ஆபரேஷன் கட்டைப் பிரித்த மறு மாதம், "ப்பா, எறக்கி விடுங்க" என்றாள். அன்றிலிருந்து தூக்கியதில்லை. அவளுக்கு ஒரு படி பின்னால் கைகளை விரித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாளும் அந்தக் கைகள் தேவைப்படவில்லை என்று சொன்னால் பொய். நான்கைந்து முறை தேவைப்பட்டன.

அந்த முப்பத்திரண்டு படிதான் படம். முதல் படியில் தவழும் குழந்தை. ஏற ஏற வளர்கிறாள். பள்ளிச் சீருடை, பட்டமளிப்பு அங்கி, மஞ்சள் தலைக்கவசம். கடைசிப் படியில் மணப்பெண்ணாக, மாப்பிள்ளை வீட்டு வாசலில் கால் வைக்கிறாள். கேலாங் கிழக்குக்குப் போய்ப் பழைய படிக்கட்டைப் படம் எடுத்து வந்தேன். செங்காங்கில் மாப்பிள்ளை வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, காற்றோட்டமாக நிற்கிறேன் என்று சாக்குச் சொல்லி அவர்கள் வாசலையும் எடுத்துக்கொண்டேன். மகளின் பழைய படங்களைக் கெட்டி அட்டையில் அச்சிட்டு, கத்தரித்து, இடுப்பிலும் முழங்காலிலும் தனித்தனியாக வெட்டி, சின்னப் பித்தளை ஊசிகளால் இணைத்தேன். பதினொரு மகள்கள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் படுத்திருந்தார்கள்.

நடக்க வைப்பதுதான் பாடாகிவிட்டது. இணையத்தில் நடை சொல்லித் தரும் வீடியோக்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு கால், மறு கால், ஒரு கால், மறு கால். அதன்படியே செய்தேன். படம் ஓடியது, நடை சுத்தமாக இருந்தது. தேசிய தின அணிவகுப்பில் போகும் சிப்பாய் மாதிரி ஒரு பெண் படி ஏறினாள். முகம் என் மகளுடையது, ஆள் அவள் இல்லை. ஒரு வாரம் எடுத்த படங்களை மொத்தமாக அழித்தேன். கோபத்தில் மனைவியிடம் கத்தினேன், அவள் என்ன செய்வாள் பாவம் என்று பிறகு தோன்றியது. பார்த்தீர்களா, எனக்கும் அந்தச் சொல் வாயில் வந்துவிடுகிறது.

அதன் பிறகு மகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். இருபத்தொன்பது வருடம் பார்த்த நடைதான். ஆனால் ஒரு மோட்டாரைக் கேட்பதுபோலக் காது வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள நான்கு படிகளில் அவள் ஏறும்போது, பையைத் தேடுவதுபோல் பின்தங்கி நின்று பார்த்தேன். முதலில் இடது கால் மேலே போகிறது. உடம்பு அதன்மேல் சாய்கிறது. இடுப்பு ஒரு எழும்பு எழும்புகிறது. பிறகு வலது கால் வந்து அதே படியில் பக்கத்தில் சேர்கிறது. ஒரு கண நிறுத்தம். மறுபடி இடது. இதை எண்ணி, ஒரு படிக்கு எத்தனை படம் என்று தாளில் குறித்துக்கொண்டேன். மென்பொருளில் முந்தின படம் அடுத்ததற்கு அடியில் நிழலாகத் தெரியும்படி ஒரு வசதி உண்டு. அந்த நிழலுக்கு மேலே இடுப்பை எவ்வளவு தூக்குவது என்று மயிரிழையாக அளந்து வைத்தேன்.

ஓட்டினேன். ஏழு வயதுச் சீருடைக்காரி இரண்டு படி ஏறினாள். சாய்ந்து, எழும்பி, சேர்ந்து, நின்று. எனக்குக் கைகளை விரித்துக்கொண்டு பின்னால் போய் நிற்க வேண்டும்போல் இருந்தது. அவளேதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். சமையல்கட்டிலிருந்து மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தாள்.

மூன்று மாதத்தில் படம் முடிந்தது. முழுதாக ஓட்டி மனைவிக்குக் காட்டினேன். தலைக்கவசத்தில் சிரித்தாள், அங்கியில் பெருமூச்சு விட்டாள். கடைசிப் படி வந்தது. சம்பந்தி வீட்டு வாசல், பட்டுச் சேலையில் மகள். மனைவி பதறி எழுந்துவிட்டாள்.

"என்னங்க இது! எடது காலை வச்சு உள்ள போறாளே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொரு படி இடது காலில் ஏறியவளை முப்பத்திரண்டாவதிலும் நான் இடது காலிலேயே ஏற்றியிருந்தேன். வலது காலை எடுத்து வைத்து வா என்று ஊரே பாடுகிற இடத்தில், பெண்ணைப் பெற்றவனே இடது காலை வைக்க விட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு அதுதான் நடை. அதில் இடது வலது தெரியவில்லை.

"ரெண்டு செகண்டு வேலை" என்றேன். மென்பொருளில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பும் பொத்தான் ஒன்று உண்டு. கடைசிக் காட்சியைத் திருப்பினேன். கால் மாறியது. கூடவே இடது தோளில் இருந்த முந்தானை வலது தோளுக்குப் போனது. வாசலில் ஒட்டியிருந்த 'நல்வரவு' எழுத்தெல்லாம் பின்னோக்கிப் போய், எந்த ஊர் பாஷை என்றே தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, அதுவரை இடமிருந்து வலமாக ஏறி வந்த பெண் கடைசிப் படியில் பட்டென்று திரும்பி, வந்த வழியே அப்பா வீட்டுக்கு ஓடுகிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மனைவிக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் மணப்பெண்ணுக்குப் புதிதாக இரண்டு கால்கள் வெட்டி, கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி எடுத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. வலது கால் மேலே போயிற்று, இடது கால் இலேசாகத் தொடர்ந்தது. சாய்வும் இல்லை, எழும்பலும் இல்லை. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். முதல் படியிலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பள்ளிச் சீருடையைப் பார்த்து, "ஐயோ, என் நடை! அப்படியே இருக்குப்பா" என்றாள். நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசிப் படி வந்ததும் அவள் முகம் மாறியது. படத்தை நிறுத்தினாள்.

"இது யாருப்பா?"

"யாருன்னா? நீதான்."

"நான் இல்ல. இத்தனை படியும் நான் ஏறி வந்திருக்கேன். வாசல்ல மட்டும் வேற யாரோ உள்ள போறா."

"அது சம்பிரதாயம்மா. வலது காலைத்தானே..."

"தெரியும்பா. எனக்கு அது கோபமில்ல." குரல் இறங்கிவிட்டது. "மத்தவங்க வாயால சொல்வாங்க. நீங்க படமா எடுத்து சொல்லிட்டீங்க, பாவம்னு."

முப்பத்தைந்து வருட வேலையில் மின்சாரம் என்னை இரண்டு முறை அடித்திருக்கிறது. அது பரவாயில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாத உழைப்பு, நன்றியில்லையா, அது இது என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "எடது காலைப் போடுங்க. இல்லன்னா படமே வேணாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

மனைவி என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "அவ சின்னப் பொண்ணு, பேசுவா. நீங்க யோசிங்க. மொத நாள் சாயங்காலம் வரவேற்பு. மறுநாள் முகூர்த்தம் முடிஞ்சு அவங்க வீட்டுக்குப் போறோம். அந்த வாசல்ல ஒரு படி இருக்கு. வலது காலை ஊனி அவளால ஏற முடியாது. நான் நம்ம குளியலறை வாசல் கட்டையில நிக்க வச்சுப் பழக்கிக்கிட்டிருக்கேன், சேலை கட்டிக்கிட்டு. ரெண்டு தடவை சாஞ்சிட்டா. யாரும் கவனிக்காம மாப்பிள்ளை கையைப் புடிச்சு ஏத்திடலாம்னு நான் இருக்கேன். நீங்க மொத நாளே முந்நூறு பேருக்குக் காலைக் காட்டிட்டீங்கன்னா, மறுநாள் எல்லாரும் அந்தக் காலைத்தான் பாப்பாங்க. எம்பொண்ணு எல்லாருக்கும் முன்னாடி விழணுமா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மகள் சொன்னதிலும் இல்லை. ஒரு வாரம் இரண்டு பேரிடமும் சரியாகப் பேசாமல் அலைந்தேன். புதுப் பாகம் ஒழுங்காக ஓடும்வரை பழையதைத் தூக்கிப் போடமாட்டான் மெக்கானிக். அதனால் பழைய கடைசிக் காட்சி கணினியில் அப்படியே இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். புதியதில் எடுப்பாக ஒரு மணப்பெண் வீட்டுக்குள் போனாள். எனக்கு அவளைத் தெரியாது. ஐந்து வயதில் எறக்கி விடுங்க என்றவள் பழையதில்தான் இருந்தாள். பழையதை எடுத்துச் சேர்த்தேன். மனைவி கேட்டபோது, "சரி பண்ணிட்டேன்" என்றேன். பொய் இல்லை. எதைச் சரி என்று நினைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வரவேற்பு மண்டபத்தில் விளக்கை அணைத்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்று, உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகளைப் பார்த்தேன். குழந்தை தவழ்ந்தபோது சலசலப்பு அடங்கவில்லை. சீருடைக்காரி சாய்ந்து எழும்பி ஏறியபோது மண்டபம் அமைதியானது. தலைக்கவசத்துக்குச் சிரிப்பு. கடைசிப் படி. இடது கால் வாசலில் ஏறியது, வலது கால் வந்து சேர்ந்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், "எடது காலு, பாத்தீங்களா" என்றார். நான் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கைதட்டல் வந்தது, அடங்காமல் வந்தது. மேடையில் மகள் எழுந்து நின்று, எங்கே இருக்கிறேன் என்று தேடி, என்னைப் பார்த்து இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்தினாள். என் வாழ்க்கையில் எத்தனையோ லிஃப்டுகள் என் கையால் மேலே போயிருக்கின்றன. அன்று நான் போனேன்.

ஒரு ஆள் மட்டும் கைதட்டவில்லை. முதல் வரிசையில் இருந்த சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் தாயார், திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் எழுந்து வெளியே போனார். மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "பாத்தீங்களா? நாளைக்கு எம்பொண்ணு அந்த அம்மா வாசல்லதான் நிக்கணும்" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து செங்காங் போனோம். லிஃப்ட் அவர்கள் மாடியிலேயே நின்றது. நீளமான தாழ்வாரம் முழுக்க ஆட்கள்; அக்கம்பக்கத்துச் சீன, மலாய் வீட்டுக்காரர்களும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். புகைப்படக்காரத் தம்பி முன்னால் ஓடி வாசலுக்கு எதிரே இடம் பிடித்தார். சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

வாசற்படியின்மேல் மாக்கோலத்தில் இரண்டு பாதங்கள் இருந்தன. கிருஷ்ண ஜெயந்திக்குப் போடுவதுபோல் முன்னும் பின்னுமாக நடந்து போகிற பாதங்கள் இல்லை. இடது பாதம் ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல், வலது பாதம். வலது பாதத்தை இடதைவிடக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருந்தார்.

"நேத்து சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டேன், கோச்சுக்காதீங்கண்ணே" என்றார் சம்பந்தியம்மா. "படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லிப் போட்டோக்காரத் தம்பியைத் தேடிக்கிட்டுப் போனேன். காலையில அதை நிறுத்தி நிறுத்திப் பாத்துத்தான் போட்டேன். எந்தக் காலு மொத வருது, எது வந்து சேருதுன்னு. சரியா இருக்கா பாருங்க."

ஓடுகிற படத்துக்காக நான் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது நிற்கிற படம் எடுத்தேன். அந்த அம்மா அதை மறுபடி நிறுத்தி, அதிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்து வாசலில் வைத்திருந்தார். "சரியா இருக்கும்மா" என்றேன்.

ஆரத்தி சுற்றி முடிந்தது. மகள் படிக்கு முன்னால் வந்து நின்றாள். புகைப்படக்காரத் தம்பி பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தார்: "வலது காலு, சிஸ்டர்! வலது காலு மொத!"

நான் வாயைத் திறப்பதற்குள், குளியலறைக் கட்டையில் மகளை நிற்க வைத்துப் பழக்கிய என் மனைவி எனக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"தம்பி, எம்பொண்ணுக்கு எடது காலுதான் மொத" என்றாள், லிஃப்ட் வரைக்கும் கேட்கும் குரலில். "கட்டடம் கட்டடமா ஏறின காலு அது. நீ படத்தை எடு."

மகள் யார் கையையும் பிடிக்காமல் இடது காலைத் தூக்கி மாவுப் பாதத்தின்மேல் வைத்தாள். சாய்ந்தாள், எழும்பினாள், வலது கால் வந்து பக்கத்தில் சேர்ந்தது. தாழ்வாரத்தில் நின்ற அத்தனை பேரும் அவள் காலைத்தான் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.